மாமாவோட இரும்பு: ஸ்டீல் கிட்டாருக்கு பார் தேடி அலைஞ்சு, கடைசில நானே கடைஞ்சது

மாமா வீட்டு அலமாரி மேல ரொம்ப வருஷமா ஒரு பெட்டி இருந்துச்சு, அதுக்குள்ள ஆறு கம்பி லேப் ஸ்டீல் கிட்டாரு. பட்டர்வொர்த்ல ஆஸ்திரேலியாக்காரங்க விமானப்படை பேஸ் இருந்த காலம், 1988-ல அது மலேசியா கைக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடி, ஊருக்குத் திரும்பிப் போற ஒரு வெள்ளைக்காரர் கிட்டேருந்து மாமா வாங்கினது, கல்யாண வீடு பர்த்டே பார்ட்டின்னு அதுல பழைய தமிழ்ப் பாட்டும் ஹவாய் பாட்டும் மாத்தி மாத்தி வாசிச்சவரு. ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஸ்ட்ரோக் வந்து எடது கை பிடிமானம் போச்சு. போன தீபாவளிக்குப் போனப்ப பெட்டிய எறக்கச் சொல்லி என் மடியில வச்சு, "மாப்ள, இது சும்மா கெடக்கக் கூடாது, எடுத்துட்டுப் போ"ன்னு சொல்லிட்டாரு.

கிட்டார சரி பண்றது பெரிய வேலையா இல்ல. கம்பி மாத்தினேன், வால்யூம் திருகுனா கரகரன்னுச்சு, கிளீனர் ஸ்ப்ரே அடிச்சதுல போயிடுச்சு, எர்த் ஒயர் ஒண்ணு விட்டுப் போயிருந்துச்சு, சால்டர் வச்சேன். ஒரு ஞாயித்துக்கெழம வேலைதான். ஆனா வாசிக்க ஒக்காந்தா கீழ் கம்பி மூணுலயும் பார், அதாவது கம்பி மேல வச்சு நகத்துற இரும்பு, நகர்ற எடமெல்லாம் சர்ர்ர்னு ஒரு சத்தம், பாட்டோட கூடவே யாரோ உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி. பார எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல திருப்பிப் பாத்தேன். மூக்குப் பக்கம் குரோம் உரிஞ்சு, அடியில புள்ளி புள்ளியா துரு. கடல் காத்து அடிக்கிற ஊரு, பெட்டிக்குள்ள இருந்தாலும் விடாது. அன்னைக்கு ஆரம்பிச்ச தேடல் நாலு மாசம் ஓடுச்சு, அதத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா நான் தேடும்போது தமிழ்ல இதப் பத்தி ஒண்ணுமே எனக்குக் கெடைக்கல.

பழக்கமில்லாதவங்களுக்காக ஒரு வார்த்தை. இந்த கிட்டார்ல வெரல் கம்பிய ஃப்ரெட்ல அமுக்காது. கிட்டாரு மடியில மல்லாக்க படுத்திருக்கும், கம்பி எல்லாம் பலகையிலேருந்து ஒரு சென்டிமீட்டர் கிட்ட ஒசரத்துல நிக்கும், எடது கையில ஒரு இரும்ப வச்சு கம்பி மேல தொட்டு நகத்தணும், அந்த இரும்பு நிக்கிற எடந்தான் ஸ்வரம். ஃப்ரெட் வெறும் கோடு, கண்ணுக்கு அடையாளம், அவ்வளவுதான், பாரோட நடு அந்தக் கோட்டுக்கு நேர் மேல வரணும், சாதா கிட்டார் மாதிரி கோட்டுக்குப் பின்னாடி வச்சா சுருதி எறங்கிடும். நம்ம கோட்டுவாத்தியமும் இதே வழிதான், இப்ப சித்திரவீணைன்னு சொல்றாங்களே அதுதான், அங்க கையில கருங்காலிக் கட்டை, இங்க ஸ்டீல். கடையில டோன் பார்னு கேக்கணும், மாமா ஆயுசுக்கும் அத 'இரும்பு'ன்னு மட்டுந்தான் சொன்னவரு.

மாமாவோட இரும்பு முக்கால் இன்ச் கனம், நீளம் 2 7/8 இன்ச், ஒரு முனை உருண்ட மூக்கு, இன்னொரு முனை தட்டையா வெட்டி நடுவுல சின்ன குழி. ஆறு கம்பி லேப் ஸ்டீலுக்கு ரொம்ப காலமா விக்கிற அளவு இதுதான். பினாங்குத் தீவுல, லிட்டில் இந்தியால நகைப் பட்டறை வச்சிருக்கிற ஆசாரி அண்ணன் ஒருத்தர் எனக்குப் பழக்கம், அவரு தராசுல போட்டா 158 கிராம்.

மொதல்ல ஆன்லைன்ல ஒண்ணு வாங்கினேன். படத்துல பாக்க அழகா இருந்துச்சு, மேல ஒரு முதுகு மாதிரி எழும்பி, ரெண்டு பக்கமும் பள்ளம் விட்டு, கட்டைவெரலும் நடுவெரலும் அந்தப் பள்ளத்துல ஒக்காரும், ஆள்காட்டி வெரல் மேல. ஸ்டீவன்ஸ் பார்னு சொல்ற ரகம். பிடிச்சா கையிலேருந்து நழுவவே நழுவாது. சரின்னு வாசிச்சேன், ஓப்பன் கம்பிக்கும் பார் வச்ச ஸ்வரத்துக்கும் டக்கு டக்குன்னு தூக்கித் தூக்கி வைக்க அவ்வளவு சுகம். டோப்ரோ, அதாவது வயித்துல உலோகத் தட்டு வச்ச கிட்டாரு, வாசிக்கிறவங்க இதத்தான் பிடிக்கிறாங்க, புளூகிராஸ்ங்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுல அந்தத் தூக்கல்தான் உயிரு. ஆனா எனக்கு வேண்டியது வேற. அடிப் பக்கம் மட்டுந்தான் வளைவு, அதனால கம்பி மேல உருட்ட முடியாது, முனை ரெண்டும் நேரா வெட்டினது, ஒரே ஒரு கம்பிய மட்டும் தொட்டு பக்கவாட்டுல போனா அடுத்த கம்பியில இடறும். சாய்ச்சுப் பிடிக்கிற வேலை, அதாவது ஸ்லான்ட், சுத்தமா வரல. பார்ல தப்பு கெடையாது, நான் வாசிக்கிற பாட்டுக்கு அது பொறக்கல. டோப்ரோ வச்சிருக்கிற தம்பி ஒருத்தனுக்குக் குடுத்திட்டேன், அவன் இன்னைக்கும் அதத்தான் பிடிக்கிறான்.

ஸ்லான்ட் பத்தி கொஞ்சம் நிறுத்திச் சொல்லணும், பார் நீளத்த முடிவு பண்றது அதுதான். மாமா ஹவாய் பாட்டுக்கு சி சிக்ஸ் ட்யூனிங் வைப்பாரு, கீழேருந்து சி இ ஜி ஏ சி இ. பார நேரா வச்சா அந்த ஒரே கோர்டுதான், அதாவது சேந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டந்தான், மேலயும் கீழயும் நகரும். வேற கோர்டு வேணும்னா பார சாய்ச்சு ஒரு கம்பிய அஞ்சாவது ஃப்ரெட்லயும் இன்னொரு கம்பிய ஆறாவது ஃப்ரெட்லயும் தொடணும். என் கிட்டாரு நட்டுக்கும் (தலைப் பக்கம் கம்பிய தாங்குற கட்டை) பிரிட்ஜுக்கும் (அடிப் பக்கம் தாங்குறது) நடுவுல 22.5 இன்ச், கணக்கு போட்டா அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல 24 மில்லி, அதுவே பன்னண்டுக்கும் பதிமூணுக்கும் நடுவுல வெறும் 16 மில்லிதான். ஆக மேல போகப் போக சாய்வு கொறையணும், கீழ வர வர கூடணும், நகர்ந்துக்கிட்டே கையில திருப்பணும். அதுக்குப் பின் முனையில கட்டைவெரல் ஒக்கார்ற குழி வேணும், முன் முனையில கம்பிய இடறாம ஏறி எறங்குற உருண்ட மூக்கு வேணும். சாய்ச்சப்ப பார் எட்டணும்னா நேரா வைக்கிறத விட கூட நீளம் தேவைப்படுது, ஆனா ரொம்ப நீண்டாலும் மிச்ச முனை பக்கத்துக் கம்பியில போய் மோதும். ஆறு கம்பிக்கு 70-லேருந்து 75 மில்லி எனக்கு சரியா வந்துச்சு.

ரெண்டாவதா வாங்கினது பெரிசு. பெடல் ஸ்டீல், அதாவது காலால பெடல் மிதிச்சு சுருதி மாத்துற ஸ்டீல் கிட்டாரு, வாசிக்கிறவங்க பத்து கம்பி மேல வைக்கிற சைஸு, 15/16 இன்ச் கனம், 3 3/8 இன்ச் நீளம், ஆசாரி அண்ணன் தராசுல 296 கிராம். கனமானா நல்லதுன்னு எங்க பாத்தாலும் சொல்றாங்க, காரணமும் இருக்கு. கம்பி அதிரும்போது அந்த அதிர்வு ரெண்டு முனையிலயும் முட்டித் திரும்பணும், ஒரு முனை பிரிட்ஜ், இன்னொரு முனை நம்ம கையில இருக்கிற பார். பார் கனமா இருந்தா முட்டினது அப்படியே திரும்பிடும். லேசா இருந்தா பாரும் சேந்து ஆடும், அந்த ஆட்டத்த வெரல் சதை குடிச்சிடும், சத்தம் சீக்கிரம் செத்துப் போகும். இன்னொண்ணு, கனமான பார் தன் எடையாலயே கம்பியில ஒக்காந்துடும், நாம அமுக்க வேண்டியதில்ல. லேசான பார அமுக்கித்தான் நிறுத்தணும், அமுக்குனா கம்பி தாழ்ந்து இழுபட்டு சுருதி ஏறும், இன்னும் அமுக்குனா ஃப்ரெட்ல போய் டங்குன்னு அடிக்கும்.

அந்த 296 கிராம் பார்ல ஒரு ஸ்வரத்த தட்டி விட்டா நின்னு பேசுச்சு, அத மறுக்கவே முடியாது. மெதுவான பாட்டு எதுவும் வாசிக்கலாம். ஆனா நான் பெரும்பாலும் டி ட்யூனிங் வச்சு, டி ஏ டி எஃப் ஷார்ப் ஏ டி, நம்ம ராகம் வாசிக்கிறவன். மோகனம் வரைக்கும் ஓகே. தோடி காந்தாரத்துக்கு வந்தா கை திணறுது. கம்பிதம்னா அந்த எடத்துல பார் முன்னும் பின்னும் வேகமா ஆடணும், ஒவ்வொரு தடவையும் கை அந்த எடைய ஓட்டி, நிறுத்தி, திருப்பி ஓட்டணும், கிட்டத்தட்ட முந்நூறு கிராமு சொன்ன எடத்துல நிக்காது, கொஞ்சம் தாண்டிப் போய்த்தான் திரும்பும். தாண்டுற அந்தக் கொஞ்சந்தான் கமகத்துல அபஸ்வரமா கேக்குது. வேகத்த கொறச்சா சுருதி நிக்குது, ஆனா அப்ப அது தோடி இல்ல. ரெண்டு வாரம் பழகிப் பாத்தேன், மணிக்கட்டு வலிதான் மிச்சம். அதே அசைவு மாமாவோட 158 கிராம் இரும்புல சுளுவா வருது, ஆனா கீழ் கம்பியில நிறைவு பத்தல. ஆக எனக்கு வேண்டியது ரெண்டுக்கும் நடுவுல, இருநூத்துச் சொச்சம். எடை இதுதான்னு மனசுல ஆன பிறகு தேடல் ரொம்ப லேசாயிடுச்சு, அது வரைக்கும் நான் ஸ்டீலா பித்தளையா கண்ணாடியான்னு ஜாதகம் பாத்துக்கிட்டு இருந்தேன்.

கட்டையும் பாத்தேன், அத விடுவேனா. சித்திரவீணை அவ்வளவு இனிமையா பேசுதே, 21 கம்பி, கையில வெறும் கருங்காலி, சில வித்வான்கள் டெஃப்ளான் கூட பிடிக்கிறாங்க. எங்க வீட்டுக்குப் பின்னால பழைய பலகை வீடு ஒண்ண பிரிச்சப்ப செங்கால் மரத்துண்டு கெடைச்சுச்சு, ரொம்ப இறுக்கமான, கனமான மரம், அதுல 22 மில்லி கனத்துக்கு ஒண்ணு கடைஞ்சேன். எடை 27 கிராம். மொத ஸ்வரத்துல மனசு உருகிடுச்சு, உலோகச் சத்தமே இல்ல, மனுஷன் முனகுற மாதிரி. மூணு நொடியில அடங்கிடுச்சு. கை அமுக்க வேண்டியிருக்கு, ஒரு மணி நேரத்துல கம்பி கட்டையில கோடு போட்டிடுச்சு. சித்திரவீணையில கம்பி அமைப்பும் பக்கக் கம்பி ரீங்காரமும் அந்தக் கட்டைக்கு ஏத்த மாதிரி வளந்த வாத்தியம், அத எடுத்து, கம்பி அதிர்வ ஆம்ப்புக்கு அனுப்புற பிக்கப் போட்ட ஸ்டீல் கிட்டார்ல வச்சா அது பாவம் என்ன பண்ணும். கட்டை இப்பவும் கிட்டார் பெட்டியிலதான் இருக்கு, ராத்திரி புள்ளைங்க தூங்குனப்பறம் ஆம்ப் போடாம அதுல வாசிப்பேன்.

பித்தளையும் பாத்தேன். 20 மில்லி தடியில 75 மில்லி வெட்டுனா இருநூறு கிராம் கிட்ட வரும், எடைக்குப் பொருத்தம், சத்தமும் கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கு. ஆனா கம்பி ஸ்டீலு, சுத்துக் கம்பி நிக்கலு, பித்தளை ரெண்ட விடவும் மெத்து, ஒரு மாசத்துல கம்பி நிக்கிற எடமெல்லாம் வரிவரியா தேஞ்சிடும். நம்ம ஊரு வேர்வைக்கு கை பச்சையாகி அந்த வாடை சோப்பு போட்டாலும் போகாது. கண்ணாடிய நெறைய பேரு விரும்புறாங்க, அதே அளவுல ஸ்டீல்ல மூணுல ஒரு பங்குதான் எடை, என் கணக்குக்கு அது ஒத்து வரல.

இனி கடைசல் கதை. ஹவாய்ல ஜோசப் கெகுக்குன்னு ஒரு பையன், 1874-ல பொறந்தவரு, இந்த வாசிப்பையே ஒலகத்துக்குக் காட்டினவருன்னு சொல்வாங்க, அவரும் மொதல்ல கையில கெடைச்ச சீப்பு கத்தின்னு வச்சு இழுத்துட்டு, பிறகு பள்ளிக்கூடப் பட்டறையிலதான் ஸ்டீல் பார் செஞ்சாருன்னு வரலாறு. அவருக்குப் பட்டறை, எனக்கு பட்டர்வொர்த் பக்கத்துல பிறைங்கிற ஊர்ல ஒரு மெஷின் ஷாப். நான் வேலை செய்ற ஃபேக்டரிக்கு ஸ்பேர் பார்ட் கடைஞ்சு குடுக்கிற எடம், தௌக்கே, அதாவது கடை முதலாளி, நல்ல மனுஷன், சனிக்கெழம மத்தியானம் லேத்த தொட விடுவாரு. 304 எவர்சில்வர் தடி, 22 மில்லி, வெட்டு மிச்சம் முந்நூறு மில்லி நீளத்துல பதினெட்டு வெள்ளிக்குக் குடுத்தாரு. 22 மில்லின்னா 7/8 இன்ச்க்கு ஒரு மயிரிழை கம்மி, 75 மில்லி நீளத்துக்கு மூக்கும் குழியும் போக 213 கிராம் வரும்னு முன்னாடியே கணக்கு போட்டிருந்தேன்.

304 கொஞ்சம் ஒட்டுற ஜாதி. கத்தி வெட்டாம சும்மா தேய்ச்சுக்கிட்டு நின்னா அந்த எடத்துல தோல் இறுகிடும், அடுத்த சுத்துல கத்தி மேல வழுக்கும், அதனால ஆழம் போட்டா தைரியமா போட்டு நிக்காம ஓட்டணும், ஆயில் விட்டுக்கிட்டே. பின் முனைய நேராக்கிட்டு கட்டைவெரலுக்கு மூணு மில்லி ஆழத்துல குழி, உருண்ட மூக்குக் கத்தியில தோண்டினேன், ஓரத்த நல்லா மழுக்கினேன். மூக்குதான் பொறுமைய சோதிக்கும். முழு அரை உருண்டை, 11 மில்லி ரேடியஸ். படிப்படியா வெட்டி, படிகள அரத்துல ராவி, ரேடியஸ் கேஜ் வச்சு பின்னால டார்ச் அடிச்சு வெளிச்சம் எங்க கசியுதுன்னு பாத்து, திரும்ப ராவி, இதுவே ரெண்டு மணி நேரம். ஓடுற லேத்துல அரம் பிடிக்கிறவங்க சட்டைக் கைய மடிச்சுக்கோங்க, எமரித்தாள வெரல்ல சுத்திப் பிடிக்காதீங்க, பட்டையா கிழிச்சு ரெண்டு முனையயும் தனித்தனியா பிடிங்க, அது இழுத்தா விட்டுடலாம்.

தாள் 240, 400, 600, 1000 வரைக்கும் லேத்துலயே போட்டேன். அங்க ஒரு தப்பு பண்ணினேன், இத படிக்கிறவங்க பண்ணாதீங்க. மினுமினுப்பு வரட்டும்னு பார கழட்டி வீட்டுக்குக் கொண்டு வந்து, மரத்துக்கு தேய்க்கிற மாதிரி நீளவாக்குல 2000 தாள்ல அரை மணி நேரம் தேய்ச்சேன். கண்ணுக்கு கண்ணாடி மாதிரி. கம்பியில வச்சா சர்ர்ர், மாமாவோட துருப்பிடிச்ச இரும்புக்கு கொஞ்சந்தான் பரவாயில்ல. ஒரு நாள் முழுக்க யோசிச்சேன், கையில எடுத்து கம்பி மேல வச்சு நகத்திப் பாத்தப்பதான் புரிஞ்சுச்சு. பார் கம்பிக்கு குறுக்க நிக்குது, நகர்றது கம்பி வழியா. நீளவாக்குல தேய்ச்ச கீறல் எல்லாம் கம்பிக்கு குறுக்க விழுது, அப்ப பார் ஒரு பொடி அரம். சுத்துக் கம்பியே ஒரு அரம் மாதிரிதான், ரெண்டு அரம் ஒண்ணோட ஒண்ணு உரசுனா சத்தம் வராம என்ன பண்ணும். லேத்துல சுத்துற கீறலோ கம்பி போற தெசையிலயே போகும், உரசல் கம்மி, ஆனா அதுவும் ஆழமா இருந்தா ஒரு கம்பியிலேருந்து அடுத்ததுக்கு பார பக்கவாட்டுல தள்ளும்போது டிக் டிக்னு மாட்டும். ஆக கடைசி தேய்ப்பு எப்பவும் சுத்துவாக்குல, அதுக்கப்புறம் எந்தத் தெசையிலயும் கீறலே இல்லாத அளவுக்கு பாலிஷ்.

அடுத்த சனிக்கெழம திரும்ப லேத்துல மாட்டி 600-லேருந்து 2000 வரைக்கும் சுத்துவாக்குல போட்டு, ஃபெரி ஏறி தீவுக்குப் போய் ஆசாரி அண்ணன் பட்டறைக்குக் கொண்டு போனேன். நகைக்கு மெருகு போடுற பஃப் மோட்டாரு, துணிச் சக்கரத்துல மெழுகு மாதிரி ஒரு கட்டிய தடவி வச்சிருப்பாரு. நானே பிடிச்சேன், ஆர்வத்துல அமுக்கிட்டேன். அண்ணன் வாங்கிப் பாத்து, "தம்பி, மோதிரத்துக்கு இது போதும், ஆனா இது நேரா இருக்க வேண்டிய சாமானாச்சே"ன்னு சொல்லி மேசைக் கண்ணாடி மேல வச்சு பின்னால டார்ச் அடிச்சாரு. நடுவுல ரெண்டு எடத்துல மெல்லிசா வெளிச்சம். சக்கரம் மெத்துன்னு இருக்கிறதால ஒரே எடத்துல அமுக்குனா அங்க மட்டும் கொஞ்சம் கூட திங்குது, மேல்பரப்பு அலையாயிடும். அலையா இருந்தா ஆறு கம்பியும் ஒரே நேரத்துல தொடாது, தொடாத கம்பி கிர்ர்னு நடுங்கும். ஆக மூணாவது சனிக்கெழமயும் லேத்து. இந்த தடவ 2000-க்கு அப்புறம் லேத் ஓட ஓட துணியில ஆட்டோசோல்ங்கிற மெட்டல் பாலிஷ் தடவி பிடிச்சதோட சரி, அண்ணன் சக்கரத்துல மூக்கு மட்டும் போட்டோம், அதுவும் அவரு கையால, பட்டும் படாம. கண்ணாடி மேல உருட்டினா சத்தமில்லாம போச்சு, வெளிச்சம் எங்கயும் கசியல. தராசுல 211 கிராம், திரும்பத் திரும்ப தேய்ச்சதுல ரெண்டு கிராம் போயிருக்கு.

அன்னைக்கு சாயங்காலமே மாமா வீட்டுக்குப் போனேன். அத்தை தே ஓ, அதாவது பால் போடாத டீ, போட்டுக் குடுத்தாங்க, ஆம்ப் வச்சு, ரெண்டு பாரயும் தோள்துண்டு மேல வச்சு, மாமா, கண்ண மூடிக்கோங்க, எது எதுன்னு சொல்லுங்கன்னு மாத்தி மாத்தி வாசிச்சேன். மூணு தடவயும் சரியா சொன்னாரு. மொதல்ல அவரோட பழசு, உடனே "இது என் இரும்பு"ன்னாரு. புதுசு வச்சப்ப கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல, பிறகு, "இரும்பு சத்தமே கேக்கல மாப்ள, கம்பி மட்டுந்தான் கேக்குது"ன்னாரு. அப்புறம் கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி, பின்னால வெரல் வைக்கிறியான்னு. பாருக்குப் பின்னால, நட்டுப் பக்கம் இருக்கிற மிச்சக் கம்பியும் அதிரும், மோதிர வெரலும் சுண்டு வெரலும் அங்க லேசா படுத்திருந்தாத்தான் அந்தப் பேய்ச்சத்தம் அடங்கும். நான் சுண்டு வெரல தூக்கிப் பிடிச்சிருந்தேன், அவரு கண்ண மூடிக்கிட்டே கண்டுபிடிச்சாரு. பார் எவ்வளவு நல்லா இருந்தாலும் அந்த ரெண்டு வெரல் படுக்கலன்னா சுத்தம் வராது.

நட்டு விஷயம் ஒண்ணு இருக்கு. மாமா கிட்டார்ல நட்டு ஏற்கெனவே ஒசரம், எனக்கு பிரச்சன இல்ல. சாதா கிட்டார்ல ஒசத்துற நட்டு மாட்டி பழகுறவங்க அது பத்து மில்லி கிட்ட இருக்கான்னு பாத்துக்கோங்க, தாழ்வா இருந்தா கனமான பார் ஃப்ரெட்ல இடிச்சிக்கிட்டே இருக்கும், பழி பார் மேல விழும்.

ஒரு மாசம் கழிச்சு பார் கை நழுவி சிமெண்ட் தரையில விழுந்துச்சு. வேர்வை. மூக்குல ஊசி முனை அளவு ஒரு நெளிசல், கண்ணுக்கே தெரியல, ஆனா மேல் கம்பியில ஸ்லான்ட் எடுத்தா கீச்சுன்னுச்சு. நகத்தால தடவிப் பாத்தா மாட்டுது. 1000 தாள்ல அந்த எடத்த மட்டும் ராவாம மூக்கு முழுசையும் சுத்திச் சுத்தி தேய்ச்சு 2000-க்கு வந்து பாலிஷ் போட்டேன், போயிடுச்சு. இப்ப வாசிக்கும்போது மடியில ஒரு பழைய கைலித் துண்டு, ரெண்டு பாட்டுக்கு ஒரு தடவ பாரயும் கையயும் தொடைச்சுக்கிறேன். எவர்சில்வர் துருப்பிடிக்காதுன்னு நம்பி வெளியில வச்சிடாதீங்க, கடல் காத்துல 304 மேல டீத்தண்ணி கறை மாதிரி பழுப்பு படியும், எங்க வீட்டு கேட்லயே இருக்கு. பார தொடைச்சு துணிப் பையில போட்டா ஒண்ணும் வராது. அடுத்தது 316-ல செய்யலாம்னு இருக்கேன், கப்பல் சாமானுக்குப் போடுற ரகம்.

லேத் கெடைக்காதவங்க கடையில வாங்கப் போனா என்னத்த பாக்குறதுன்னு ரெண்டு மூணு பேரு கேட்டாங்க. நான் எடுத்த உடனே எடை பாப்பேன், பிறகு கையில வச்சு ஆள்காட்டி வெரல் மேல நீட்டி, கட்டைவெரலும் நடுவெரலும் ரெண்டு பக்கமும் வந்து, வெரல் நுனி கம்பிய தொடாம இருக்கான்னு பாப்பேன், தடிப்பு கம்மியான பார்ல பெரிய கைக்காரங்களுக்கு வெரல் கீழ வழிஞ்சு கம்பிய தொட்டுடும். அப்புறம் நகம். மூக்கிலேருந்து பின் முனை வரைக்கும் நகத்த ஓட்டுங்க, பிறகு சுத்தி ஓட்டுங்க, எங்கயாவது தடுக்குனா வச்சிடுங்க, எவ்வளவு வெல கொறைச்சாலும் வேணாம். கண்ணாடி ஷோகேஸ் மேல ஒரு தடவ உருட்டிப் பாக்க எந்தக் கடைக்காரரும் வேணாம்னு சொல்ல மாட்டாரு. எந்த உலோகம்ங்கிறத நான் கடைசியாத்தான் கேப்பேன்.

முந்நூறு மில்லி தடியில வாள் வெட்டும் சக் பிடிக்கிற எடமும் போக இன்னும் ரெண்டு பார் வரும். ஒண்ணு டோப்ரோ தம்பிக்கு, அவன் உருண்ட பார் பிடிச்சுப் பாக்கணும்னு கேட்டான். இன்னொண்ணு மாமா பேத்திக்கு. பன்னண்டு வயசு, போன வாரம் கிட்டார் முன்னால ஒக்காந்து என் பார எடுத்து வச்சா, ஆள்காட்டி வெரல் பாதி பார் வரைக்கும்தான் வருது. கேலிப்பர் எடுத்துட்டு வந்து கைய அளந்தேன். அவளுக்கு 22 மில்லி ஆகாது, 19-க்கு எறக்கி 65 மில்லியில வெட்டணும், 140 கிராம் கிட்ட வரும், குழிய கொஞ்சம் சின்னதா போடணும். இந்த சனிக்கெழம தௌக்கே கடை லீவு, அடுத்த வாரந்தான்.